யாஹிமோவ் போனால் கதிர்வீச்சு வந்துவிடுமா?

கேள்வி இது: "பிராகில் வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள். கார்லோவி வாரிக்குப் பக்கத்தில் யாஹிமோவ் என்று ஒரு சின்ன ஸ்பா ஊர் இருக்கிறதாமே, பார்க்க என்ன இருக்கிறது? கதிர்வீச்சு ஊர் என்கிறார்களே, பயமில்லையா?"

"போய் வந்தால் இருட்டில் மின்னுவீர்கள்" என்று யாராவது நிச்சயம் பதில் சொல்வார்கள். அதே ஜோக்கை நானும் ஒருமுறை அடித்திருக்கிறேன், அதுவும் அடிக்கக்கூடாத இடத்தில். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் அங்கே சுற்றிப் பார்க்கப் போகவில்லை. நோயாளியாக மூன்று வாரம் இருந்தேன். முதுகெலும்பு இறுகிக்கொண்டே போகும் ஒரு வாத நோய் எனக்கு உண்டு. காலையில் எழுந்து ஷூ லேஸ் கட்ட அரை மணி நேரம் ஆகும். மருத்துவர் எழுதிக் கொடுத்தார், காப்பீடும் ஒத்துக்கொண்டது. செக்காரர்கள் 'லாஸ்னியே' என்பதை நாம் ஸ்பா என்று மொழிபெயர்த்து, உடனே வாசனை எண்ணெயையும் ரோஜா இதழையும் கற்பனை செய்துகொள்கிறோம். அங்கே நடப்பது கிட்டத்தட்ட ஆஸ்பத்திரி. காலையில் அட்டவணை கொடுப்பார்கள், அதன்படி ஓடவேண்டும். முழுச் செலவையும் காப்பீடு ஏற்கும் வகை என்றால் அது மருத்துவ விடுப்புதான். என் மேலாளருக்கு இதைப் புரியவைக்க நான் பட்ட பாடு இருக்கிறதே! "ஸ்பாவுக்கு மூன்று வாரமா? நாங்களும் வரலாமா?" என்று மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் கேட்டார். வருடாந்திர விடுமுறையில் கழித்துக்கொள்ளச் சொன்னார். மாட்டேன் என்றேன். அந்த வருடம் எனக்கு வந்த ரேட்டிங்கைப் பற்றி இங்கே எழுதினால் இந்தப் பதில் வேறு பக்கம் போய்விடும். நம்மவர்தான் அவரும். சரி, விடுங்கள்.

ஊர் கார்லோவி வாரிக்கு வடக்கே சுமார் 20 கிலோமீட்டரில், க்ருஷ்னே மலைத்தொடரில், ஜெர்மன் எல்லையை ஒட்டி இருக்கிறது. குறுகலான ஒரு பள்ளத்தாக்கு, அதற்குள் மேல்நோக்கி ஏறும் ஒரே பெரிய தெரு. ஊர் அவ்வளவுதான். கீழ் முனையில் ஸ்பா கட்டிடங்கள், மேல் முனையில் பழைய ஊர். இடையில் வரும் வீடுகளில் பல பாழடைந்து, ஜன்னலுக்குப் பலகை அடித்துக் கிடக்கும். பெரிய ஸ்பா நகரான கார்லோவி வாரியின் பளபளப்பை எதிர்பார்த்துப் போனால் ஏமாந்துவிடுவீர்கள். இன்று மூவாயிரம் பேர்கூட இல்லாத இந்த ஊர், 1530களில் பொஹீமியாவில் பிராகுக்கு அடுத்த பெரிய ஊர்.

அப்போது எல்லாம் வெள்ளியின் புண்ணியம். 1516இல் ஷ்லிக் பிரபு ஊரை நிறுவினார். நான்கு வருடத்தில் சொந்தமாக நாணயம் அடிக்க ஆரம்பித்தார்கள். ஊரின் ஜெர்மன் பெயர் யோவாகிம்ஸ்தால், அதாவது யோவாகிமின் பள்ளத்தாக்கு. நாணயத்துக்கு யோவாகிம்ஸ்தாலர் என்று பெயர் வந்து, அது தாலர் என்று சுருங்கி, டச்சுக்காரர் வாயில் புரண்டு கடைசியில் டாலர் ஆனது. உங்கள் அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள், மகிழ்ந்துபோவார். என் அப்பாவிடம் போனில் சொன்னதும் "அப்போ ஒரு டாலர் எவ்வளவு?" என்றுதான் கேட்டார். அந்த நாணயச்சாலை இப்போது அருங்காட்சியகம். பார்க்க ஒன்றே ஒன்று என்றால் அதைப் பாருங்கள்.

கனிமவியலின் தந்தை எனப்படும் அக்ரிகோலா இந்த ஊரில்தான் மருத்துவராக இருந்தார். சுரங்கத் தூசி நுரையீரலைத் தின்பதைப் பற்றி அன்றே எழுதியவர். கார்பாத்திய மலைச் சுரங்கங்களில் ஏழு கணவர்களை வரிசையாகப் பறிகொடுத்த பெண்கள் இருந்ததாக அவர் எழுதிய வரியைப் படித்துவிட்டு அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

வெள்ளி தீர்ந்தது. கூடவே வந்த கறுப்புக் கல்லை, அதாவது யுரேனியத் தாதுவை, ஒன்றுக்கும் உதவாது என்று முதலில் ஒதுக்கினார்கள். பிறகு அதிலிருந்து கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் சாயம் எடுத்தார்கள். சாயம் எடுத்து மிஞ்சிய சக்கையைக் காட்டில் கொட்டினார்கள். பாரிஸில் மேரி கியூரிக்கு மூட்டை மூட்டையாகப் போனது அந்தச் சக்கைதான், பைன் இலைகள் கலந்தபடியே. அதிலிருந்துதான் ரேடியம் என்ற கதிர்வீச்சுத் தனிமத்தைப் பிரித்தார். 1925இல் அவரே யாஹிமோவுக்கு வந்தார். அதற்குள் 1906இல் தொடங்கிய ரேடான் குளியல் (ரேடான் என்ற கதிர்வீச்சு வாயு கரைந்த தண்ணீரில் குளிப்பது) உலகப் புகழ் பெற்றிருந்தது, 1912இல் ரேடியம் பேலஸ் என்ற பெரிய வெள்ளை ஹோட்டலும் எழும்பியிருந்தது.

குளியல் என்றால் இருபது நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் அசையாமல் கிடப்பது. நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. எழுந்ததும் துணியைச் சுற்றிப் படுக்கவைப்பார்கள். தண்ணீர் ஸ்வோர்னோஸ்ட் சுரங்கத்தில் 500 மீட்டர் ஆழத்திலிருந்து வருகிறது. அதில் கரைந்திருக்கும் ரேடான் வாயு 3.8 நாளில் சிதைந்து பாதியாகிவிடும், உடம்பில் சேர்ந்ததும் மூச்சிலேயே சீக்கிரம் வெளியேறிவிடும். கர்ப்பிணிகளுக்குக் கொடுப்பதில்லை. நான் மருத்துவன் இல்லை, இதை மருத்துவ ஆலோசனையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். "அறிவியல்பூர்வமாக நிரூபணமானதா?" என்று கேட்கப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: எனக்கு வலி குறைந்தது, சில மாதங்களுக்கு. குளியலாலா, உடற்பயிற்சியாலா, மேலாளர் முகத்தைப் பார்க்காததாலா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. ஒரு நாள் வந்து தெருவில் நடக்கும் உங்கள் பெற்றோருக்கு இந்தக் கவலையே வேண்டாம்.

இப்போது அந்த ஜோக். சாப்பாட்டு அறையில் ஒவ்வொருவருக்கும் ஒரு மேஜையில் இடம் ஒதுக்கிவிடுவார்கள், கடைசி நாள் வரை அதே முகங்கள்தான். என் எதிரே எழுபது தாண்டிய ஓர் அம்மா. என் அரைகுறை செக்கில் பேச்சை ஆரம்பிக்க ஏதாவது வேண்டுமே என்று, "இன்றிரவு விளக்கே வேண்டாம், நாமே மின்னுவோம்" என்றேன். பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை. சூப்பை முடித்துவிட்டு, "என் அப்பா இங்கே இருந்தார்" என்றார். வைத்தியத்துக்கு என்று நினைத்து, "குணமானதா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

அந்த அம்மாவின் அப்பா இங்கே கைதியாக இருந்தவர். 1945 நவம்பரில் செக்கோஸ்லோவாக்கியா சோவியத் யூனியனோடு யுரேனிய ஒப்பந்தம் போட்டது. கல்லை வெட்ட ஆள் வேண்டும். 1949 முதல் 1961 வரை இந்த மலையெங்கும் முகாம்கள். கம்யூனிஸ்ட் ஆட்சிக்கு வேண்டாதவர்கள், பாதிரியார்கள், விவசாயிகள், மாணவர்கள் எல்லோரும் முள்வேலிக்குள். உலக சாம்பியன் பட்டம் வென்ற ஐஸ் ஹாக்கி அணியையே 1950இல் கைது செய்தார்கள். அதன் கோல்கீப்பர் மோட்ரி இந்தச் சுரங்கத்துக்கு வந்து, விடுதலையாகி, 1963இல் 46 வயதில் இறந்தார். கீழே ஒஸ்த்ரோவ் அருகே 'மரணத்தின் செங்கோபுரம்' என்று ஒன்று நிற்கிறது. தாதுவை அரைத்துப் பீப்பாய்களில் அடைத்த இடம், அந்தத் தூசியில் நின்றவர்களும் கைதிகளே. 2019இல் யுனெஸ்கோ இந்தச் சுரங்க மண்டலத்தைப் பாரம்பரியச் சின்னமாக்கியபோது அதையும் சேர்த்துக்கொண்டது.

மறுநாள் சாப்பிட்டு முடித்ததும் அந்த அம்மா கோட்டை மாட்டிக்கொண்டு "வாங்க" என்றார். மெதுவாக ஏறி ஸ்வோர்னோஸ்ட் சுரங்கத்துக்குப் போனோம். கைதிகள் ஏறி இறங்கிய படிக்கட்டு, நாஜி முகாமின் நினைவில் அவர்களே அதற்கு வைத்த பெயர் மவுத்ஹவுசன் படிகள். தன் அப்பா இந்தச் சுரங்கத்தில் இருந்தவர் என்றார். காலையில் நான் படுத்துக் கிடந்த தண்ணீர் இதன் அடியிலிருந்துதான் வருகிறது. "பிறகு எப்படி நீங்கள் வருடா வருடம் இங்கேயே வருகிறீர்கள்?" என்று கேட்டேன். முழங்காலைத் தட்டிக் காட்டி, "தண்ணீர் என்ன செய்தது?" என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். என் செக் அதற்குப் போதவில்லை என்று நினைக்கிறேன், அவர் என் வினைச்சொல்லைத் திருத்தினார்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கார்லோவி வாரியிலிருந்து போஜி தார் என்ற ஊருக்குப் போகும் பஸ் இந்த ஊர் வழியாகத்தான் போகும். அப்பா அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் மேல் சதுக்கத்தில் இறங்கி, நாணயச்சாலையையும் யோவாகிம் தேவாலயத்தையும் பார்த்துவிட்டுக் கீழ்நோக்கி நடந்து வாருங்கள். ரேடியம் பேலஸில் காபி குடிக்கலாம். வானம் தெளிவாக இருந்தால் நாற்காலி லிஃப்டில் 1244 மீட்டர் உயர க்ளினோவெட்ஸ் சிகரத்துக்கும் போகலாம். சைவம் என்றால் பொரித்த பாலாடைக்கட்டிதான் கதி, புளிசாதம் கட்டிக்கொள்ளுங்கள். ஜூலையிலும் ஸ்வெட்டர் வேண்டும்.