வுட் எல்ஃப் பழச்சாறு குடிக்கலாமா?

கேள்வி: எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் விளையாட்டில் நான் போஸ்மர், அதாவது வுட் எல்ஃப், பெண் பாத்திரம் ஏற்று ரோல்பிளே செய்கிறேன். சென்ற வாரம் எங்கள் கில்ட் (சேர்ந்து விளையாடும் குழு) நடத்திய விடுதிக் காட்சியில் என் பாத்திரம் பழச்சாறு கேட்டாள். “போஸ்மர் தாவரம் எதையும் தொடமாட்டார்கள், லோர் படித்துவிட்டு வாருங்கள்” என்று மூத்த உறுப்பினர் ஒருவர் எல்லார் முன்னிலையிலும் திருத்தினார். நான் செய்தது தவறா? லோர் எனப்படும் இந்தக் கற்பனை இன வரலாற்றை எந்த அளவுக்குப் பின்பற்ற வேண்டும்? – செங்காங் வாசகர்

பதில்: நீங்கள் செய்தது தவறில்லை. ஆனால் உங்களைத் திருத்தியவர் சொன்னதும் முழுப் பொய்யில்லை. அவர் விதியைச் சரியாக நினைவில் வைத்திருக்கிறார், அதன் எல்லையை விட்டுவிட்டார்.

போஸ்மர்கள் தங்கள் தெய்வமான இஃப்ரேவுடன் செய்துகொண்ட உடன்படிக்கைக்குக் கிரீன் பாக்ட் என்று பெயர். அவர்களின் தாயகமான வாலன்வுட் காட்டின் செடிகொடிகளுக்குத் தீங்கு செய்யக் கூடாது, தாவர உணவை உண்ணக் கூடாது என்பவை அதன் முதன்மையான கட்டளைகள். அவர்களுடைய சமையல் புலாலைச் சுற்றியே அமைந்திருப்பதற்கும், பன்றிப் பாலைப் புளிக்கவைத்த ஜாக்கா என்ற பானம் அவர்களிடையே புழங்குவதற்கும் இதுவே காரணம். இவ்வளவு கண்டிப்பான அந்த மக்களே வேற்று நாட்டார் வெட்டி விற்கும் மரத்தை விலைகொடுத்து வாங்கிப் பயன்படுத்துவதையும் அதே லோர் சொல்கிறது. தான் வெட்டினால் பாவம், பிறர் வெட்டியதை வாங்கினால் பாவமில்லை என்ற இந்த நுட்பத்தைக் கவனித்தால், உடன்படிக்கை முதலில் ஒரு காட்டைக் காப்பதற்காக எழுந்தது என்பதும், போஸ்மர் இரத்தம் ஓடும் எவரையும் உலகின் எந்த மூலையிலும் ஒரே விதமாகக் கட்டிப்போடும் சங்கிலி அல்ல என்பதும் விளங்கும். வாலன்வுட்டுக்கு வெளியே வாழும் போஸ்மர்கள் எல்லாரும் ஒரே கண்டிப்போடு இருப்பதில்லை. 2024இல் வந்த கோல்ட் ரோடு விரிவாக்கத்தில், உடன்படிக்கையைத் துறந்த போஸ்மர்கள் வாழும் வாஷபார் என்ற ஊரே இருக்கிறது.

நம் ஊர் நடப்பை எண்ணிப் பாருங்கள். புரட்டாசி மாதத்து மதிய வேளையில் தேக்கா உணவங்காடியில் நான்கு தமிழர்கள் ஒரு மேசையில் அமர்ந்திருந்தால், ஒருவர் மாதம் முழுவதும் சைவமாக இருப்பார், ஒருவர் சனிக்கிழமை மட்டும் விரதம் காப்பார், ஒருவர் வீட்டில் சைவம் வெளியில் அசைவம் என்று வைத்திருப்பார், நான்காமவர் மீன் தலைக் கறியைத் தயங்காமல் வாங்கி வருவார். தமிழர் புரட்டாசியில் அசைவம் உண்ணார் என்று ஒரு வெளியூர்ப் பயணி தன் நூலில் எழுதினால் அது முற்றிலும் பொய்யாகாது. ஆனால் அந்த நான்காமவரைத் தமிழர் இல்லை என்று சொல்ல அந்த நூல் போதாது.

கதை நடக்கும் டம்ரியல் கண்டத்தைப் பற்றி விளையாட்டுக்குள் கிடைக்கும் நூல்களில் பலவும் அப்படிப்பட்ட பயணிகளும் அறிஞர்களும் எழுதியவையாகவே அமைக்கப்பட்டுள்ளன. ஒரு குறிப்பைப் படிக்கும்போது அதை எழுதியவர் எந்த இனத்தவர், யாருக்காக எழுதினார் என்று பாருங்கள். காலத்தையும் பாருங்கள்: இந்த விளையாட்டின் கதை இரண்டாம் யுகம் 582இல் தொடங்குகிறது, இதே வரிசையில் வந்த ஸ்கைரிம் விளையாட்டின் கதையோ நான்காம் யுகம் 201இல் நடக்கிறது. இடையில் ஏறக்குறைய 950 ஆண்டுகள் இருப்பதால், ஸ்கைரிமில் படித்த வழக்கம் உங்கள் பாத்திரத்தின் காலத்திலும் அப்படியே இருந்தது என்று கொள்ள முடியாது.

இதை வைத்துக்கொண்டு “என் பாத்திரம் விதிவிலக்கு” என்று சொல்லிவிட்டுப் போவதை நான் ஏற்கமாட்டேன். விதியை மீறும் பாத்திரத்துக்கு அந்த மீறல் ஏதேனும் ஒரு வகையில் கனக்க வேண்டும். உறவு அறுந்திருக்கலாம், ஊர் திரும்ப முடியாமல் இருக்கலாம், குறைந்தது ஒரு கூச்சமாவது இருக்க வேண்டும். கனமே இல்லையென்றால் அவள் கூர்ங்காது வைத்த மனுஷிதான், போஸ்மராகத் தேர்ந்ததற்குப் பொருளில்லை. உங்கள் காட்சியில் குறை என்று நான் கருதுவது இதையே. “பழச்சாறு ஒன்று கேட்டாள்” என்பதோடு உங்கள் எமோட் (பாத்திரத்தின் செயலை எழுதிக்காட்டும் வரி) நின்றுவிட்டது. அதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

“கோப்பையை உதட்டருகே கொண்டுபோனவள் நிறுத்தி, ‘இந்தப் பழம் எந்த மண்ணில் காய்த்தது?’ என்று விடுதிக்காரரிடம் கேட்டாள். டாகர்ஃபால் பக்கத்துத் தோட்டம் என்று பதில் வந்த பிறகும், கதவோரம் அமர்ந்திருந்த இன்னொரு போஸ்மரை ஒருமுறை பார்த்துவிட்டே வாய் வைத்தாள்.”

டாகர்ஃபால் வாலன்வுட்டுக்கு வெளியே உள்ள நகரம். இந்த வரிகளில் அவள் எங்கிருந்து வந்தாள், எதற்கு அஞ்சுகிறாள் என்பது வந்துவிடுகிறது; லோர் தெரிந்தவர் எவரும் இதைப் பிழை என்று சொல்லமாட்டார்.

உங்கள் கில்ட் உடன்படிக்கையைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் குழு என்று முன்பே விதி எழுதி வைத்திருந்தால், அந்த விதிக்குக் கட்டுப்படுங்கள். அது லோர் பற்றிய வழக்கல்ல, சேர்ந்து விளையாடுவோர் தமக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம். அப்படி எதுவும் இல்லையென்றால், அந்த மூத்த உறுப்பினருக்குத் தனிச் செய்தி அனுப்பி, உங்கள் பாத்திரம் எந்த ஊரில் வளர்ந்தவள், உடன்படிக்கையை எவ்வளவு பின்பற்றுகிறவள் என்பதை இரண்டு வரியில் சொல்லுங்கள். அவரும் போஸ்மர் பாத்திரம் வைத்திருந்தால், அடுத்த விடுதிக் காட்சியில் கதவோரம் அமர்ந்திருக்கும் அந்த இன்னொருவராக வரும்படியும், தம் ஆட்சேபத்தைப் பாத்திரத்தின் வாயாலேயே சொல்லும்படியும் கேளுங்கள்.