ஆடிப்பெருக்குக்குள் எஸ்எஸ்டி, பொங்கலுக்குப் பிறகு மெஷின்

கேள்வி: வீட்டு முன்னறையில் டிசைனிங் வேலை செய்கிறேன். தினசரி காலண்டர், பட்டாசுப் பெட்டி லேபிள், இடையிடையே ஃப்ளெக்ஸ். 2015-இல் வாங்கிய கம்ப்யூட்டர். ஐ5 நான்காம் தலைமுறை, 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. கோரல் டிராவும் போட்டோஷாப்பும் ஓட்டுகிறேன், பழைய காலண்டர் வேலைகளுக்குப் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள். இப்போது ஒரு ஃபைல் திறக்கவே நாலு நிமிடம் ஆகிறது. சில நேரம் உள்ளே கடக் கடக்கென்று சத்தம். சர்வீஸ் செய்பவர், "தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குங்கள், பழசை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்கிறேன்" என்கிறார். என் தம்பி, கிராஃபிக்ஸ் கார்டு போட்டால் போதும் என்கிறான். கையில் நாற்பதாயிரம் ரூபாய் இருக்கிறது. ஆடிப்பெருக்குக்கு இன்னும் சில வாரங்கள்தான். என்ன செய்யட்டும்?
– வாசகி, சிவகாசி

பதில்: அன்புள்ள சகோதரி, புதுசா பழசா என்பதை அப்புறம் பார்ப்போம். அந்தக் கடக் கடக் சத்தம்தான் அவசரம். அது உங்கள் ஹார்ட் டிஸ்க். பதினோரு வருடம் சுழன்ற தட்டு அது, இன்றைக்கோ அடுத்த மாதமோ நின்றுவிடலாம். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கி வந்து, வேலை ஃபைல்கள் மொத்தத்தையும் காப்பி எடுங்கள். மெஷினில் வேறு எதையும் அதற்கு முன்னால் தொட வேண்டாம்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நானும் ஒரு காலத்தில் இதே சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வேலை பார்த்தவன். நவம்பர் மாதம் ஒரு காலையில் மெஷின் விண்டோஸுக்குள்ளேயே போகவில்லை. காப்பி எதுவும் எடுத்து வைத்திருக்கவில்லை. வாடிக்கையாளரிடம் இருந்த ப்ரூஃப் தாள்களை வாங்கிவந்து, 365 நாளுக்கும் நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், குளிகை என்று மறுபடி டைப் அடித்தேன். நாலு ராத்திரி தூக்கமில்லை. அப்படியும் ஒரு வெள்ளிக்கிழமைக்கு 10.30 முதல் 12 என்று இருக்க வேண்டிய ராகு காலம், புதன்கிழமைக்குரிய 12 முதல் 1.30 என்று அச்சேறிவிட்டது. அந்த வாடிக்கையாளர் அப்புறம் வரவில்லை.

காப்பி எடுக்கும்போது ஃபைல்களோடு ஃபான்டுகளையும் எடுத்துவிடுங்கள். பேஜ்மேக்கரிலும் பழைய கோரலிலும் நாம் அடித்து வைத்த தமிழ், இன்றைக்கு எல்லா மெஷினிலும் தெரிகிற யூனிகோடு தமிழ் இல்லை. உள்ளே கிடப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். அதே ஃபான்ட் இருந்தால் மட்டும் தமிழாகத் தெரியும். ஃபான்ட் போய்விட்டால் பத்து வருட வேலையும் புரியாத கிறுக்கலாகத்தான் திறக்கும். விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை அப்படியே காப்பி செய்யுங்கள். கோரலின் சீரியல் எண், தமிழ் டைப்பிங் மென்பொருளின் சிடி, மென்பொருள் திறக்க மாட்டுகிற டாங்கில் என்ற சின்னச் சாவி ஏதாவது இருந்தால் அது, எல்லாம் ஒரே கவரில் போய்ச் சேரட்டும். இந்த மெஷினில் விலை மதிப்புள்ளது என்றால் இவைதான்.

காப்பி பத்திரமான பிறகு, மெஷின் எங்கே முட்டுகிறது என்று நீங்களே பார்த்துவிடலாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பெரிய ஃபைலைத் திறங்கள். டிஸ்க் என்ற இடத்தில் 100 சதவீதம் நின்று, சிபியு பத்து இருபதிலேயே ஆடிக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். அதாவது பிராசசர் சும்மா உட்கார்ந்து டிஸ்க்குக்காகக் காத்திருக்கிறது. போட்டோஷாப்பிலும் ஒரு வழி உண்டு. ஜன்னலின் அடியில் இடப்பக்கம் ஃபைல் அளவு காட்டும் இடத்தில் இருக்கும் சின்ன அம்பை அழுத்தி எஃபிஷியன்சியைத் தேர்ந்தெடுங்கள். அந்த எண் 100-க்குக் கீழே இறங்கினால், ராம் போதாமல் போட்டோஷாப் டிஸ்க்கில் இடம் பிடித்து வேலை செய்கிறது என்று அர்த்தம்.

ஃப்ளெக்ஸ் வேலையில் இது எவ்வளவு சீக்கிரம் நடக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 அடிக்கு 10 அடி பேனரை 72 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 72 புள்ளியில் திறந்தால் 17,280-க்கு 8,640 புள்ளிகள். பெருக்கினால் கிட்டத்தட்ட 15 கோடி. அச்சுக்கான நாலு மை நிறமான சிஎம்ஒய்கே-யில் ஒரு புள்ளிக்கு நாலு பைட் என்றால், முழுதும் நிறைந்த ஒரே லேயருக்கு 600 எம்பி. ஏழெட்டு லேயர் சேர்ந்தால் உங்கள் 8 ஜிபி தாங்காது. சாலையோரம் தூரத்திலிருந்து பார்க்கிற பேனருக்கு 36 டிபிஐ போதும். லேயர் 150 எம்பி-யாக, கால் பங்காகச் சுருங்கிவிடும். இதற்கு ஒரு பைசா செலவில்லை. பக்கத்தில் நின்று படிக்கும் பேனருக்கும் லேபிளுக்கும் மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

சரி, செலவுக்கு வருவோம். 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்று வாங்கிப் போடுங்கள். சுழலும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே சேமிக்கும் டிஸ்க் அது, பழைய ஹார்ட் டிஸ்க்கின் அதே சாட்டா இணைப்பில் மாட்டலாம். பழைய ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100, 150 எம்பி படிக்கும்; அதுவும் ஒரே பெரிய ஃபைலாக இருந்தால்தான். எஸ்எஸ்டி 500-ஐத் தாண்டும். நூற்றுக்கணக்கான ஃபான்டுகளைப் படித்துக்கொண்டு கோரல் திறப்பது மாதிரியான சில்லறை வேலைகளில் வித்தியாசம் இன்னும் பெரிது. ஹார்ட் டிஸ்க் இன்னும் ஒழுங்காகப் படிக்கிறது, அதில் நிறைந்திருப்பது 500 ஜிபிக்குள் அடங்கும் என்றால், அதிலிருப்பதை எஸ்எஸ்டிக்கு அப்படியே குளோன் செய்யச் சொல்லுங்கள். விண்டோஸ், கோரல், பேஜ்மேக்கர், ஃபான்ட் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும், எதையும் மறுபடி இன்ஸ்டால் செய்ய வேண்டாம். நடுவில் பிழை வந்தால் வற்புறுத்த வேண்டாம். எஸ்எஸ்டியில் புதிதாக விண்டோஸ் ஏற்றி, காப்பியிலிருந்து ஃபைல்களைக் கொண்டுவாருங்கள்.

ராமை 16 ஜிபி ஆக்குங்கள். கடைக்குப் போவதற்கு முன் மூடியைத் திறந்து, ஒரே 8 ஜிபி குச்சியா, இரண்டு 4 ஜிபியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்துச் சாதாரண போர்டுகளில் ஸ்லாட் இரண்டுதான் இருக்கும். ஒரே குச்சி என்றால் இன்னொரு 8 ஜிபி வாங்கினால் போதும், இல்லையென்றால் இரண்டையும் மாற்ற வேண்டும். இது டிடிஆர்3 வகை, புதிய மெஷினுக்கு உதவாது. அதனால் செகண்ட் ஹேண்டில் கிடைத்தாலே வாங்கிக்கொள்ளுங்கள். எஸ்எஸ்டி அப்படியில்லை, நாளைக்குப் புது மெஷினிலும் மாட்டிக்கொள்ளலாம். எக்ஸ்டர்னல் டிஸ்க்கையும் சேர்த்து இந்த மூன்றும் உங்கள் நாற்பதாயிரத்தில் பாதிக்குள் முடிந்துவிடும்.

தம்பி அக்கறையாகத்தான் சொல்கிறார். ஆனால் டிஸ்க்கிலும் ராமிலும் முட்டி நிற்கிற மெஷினுக்குக் கிராஃபிக்ஸ் கார்டு உதவாது. கோரலில் உங்கள் வேலை பெரும்பாலும் பிராசசரை நம்பித்தான் நடக்கிறது. அதோடு, மெஷினுக்கு மின்சாரம் கொடுக்கிற பதினோரு வருடப் பழைய எஸ்எம்பிஎஸ் மேல் புதுச் சுமை ஏற்ற நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அப்படியானால் புதுசே வேண்டாமா என்றால், வேண்டும். விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது. பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை கூடுதலாகக் கிடைக்கும்; செட்டிங்ஸில் அப்டேட் பக்கத்தில் பாருங்கள், இன்றைக்கே செய்துவிடலாம். விண்டோஸ் 11 இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறையாக ஏறும், உங்களுடையது நான்காம் தலைமுறை. குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், சோறு போடுகிற மெஷினில் அந்தச் சோதனை வேண்டாம்.

ஆனால் மாற்றுவதற்கு இது நேரமில்லை. ஆடிப்பெருக்குக்குப் புது வருடக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் வந்துவிட்டால் அப்புறம் டிசம்பர் வரைக்கும் உங்களுக்கு மூச்சு விட நேரமிருக்காது, நடுவில் தீபாவளி லேபிள் வேறு. அந்த நெருக்கத்தில் புது மெஷின், புது விண்டோஸ், ஒத்துழைக்காத டைப்பிங் மென்பொருள் என்று மாட்டிக்கொள்ளக் கூடாது. பொங்கல் முடிந்து வேலை குறையும்போது மாற்றுங்கள். மீதிப் பணத்தோடு சீசன் வரவும் சேர்ந்திருக்கும்.

அப்போதும் முதல் செலவு மானிட்டராக இருக்கட்டும். இதை நிறையப் பேர் கடைசியில் மிச்சமிருக்கிற காசில் வாங்குகிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு. திரை முழுக்க ஒரே சாம்பல் நிறத்தை நிரப்பிவிட்டு, நாற்காலியில் கொஞ்சம் கீழே சரிந்து பாருங்கள். மேலே இருட்டாகவும் கீழே வெளுப்பாகவும் தெரிந்தால் அது டிஎன் பேனல் என்ற பழைய வகைத் திரை. அதில் பார்த்து ஒப்புக்கொண்ட பட்டாசு லேபிள் சிவப்பு, அச்சில் வேறு சிவப்பாகத்தான் வரும். எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற அளவை முழுதாகக் காட்டும், எந்தக் கோணத்திலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் வகை 24 அங்குல மானிட்டர் வாங்குங்கள். நன்றாக அச்சான உங்கள் லேபிள் ஒன்றைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, வெளிச்சத்தைக் குறைத்துப் பொருத்திக்கொள்ளுங்கள்.

மெஷின் புதிதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. 2025 கடைசியிலிருந்து ராம், எஸ்எஸ்டி விலை ஏறிக் கிடக்கிறது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கே சிப்புகள் போய்விடுகின்றன. வாரண்டியோடு கிடைக்கும் ரீஃபர்பிஷ்ட், அதாவது பழசைச் சரிசெய்து விற்கும் அலுவலக மெஷின், எட்டாம் தலைமுறைக்கு மேல், 16 ஜிபி ராமோடு இருந்தால் உங்கள் வேலைக்குத் தாராளம். சின்னப் பெட்டி மாடல் வேண்டாம், அதன் எஸ்எம்பிஎஸ் கெட்டால் அதே வடிவத்தில் தேடி அலைய வேண்டும். டவர் மாடலாகக் கேளுங்கள்.

எக்ஸ்சேஞ்சுக்குச் சம்மதிக்காதீர்கள். பழைய மெஷினுக்கு சர்வீஸ்காரர் தருவது சொற்பமாகத்தான் இருக்கும், உங்கள் பேஜ்மேக்கர் வேலைகள் திறப்பது அதில்தான். நெட் இணைப்பைப் பிடுங்கிவிட்டு ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள், ஃபைலை பென்டிரைவில் மாற்றிக்கொள்ளலாம். எஸ்எஸ்டி போடுகிற அன்றைக்குக் கழற்றிய ஹார்ட் டிஸ்க்கையும் கேட்டு வாங்கி வாருங்கள். அதன் மேல் தேதியை எழுதி, துணியில் சுற்றி, பீரோவில் வைத்துவிடுங்கள்.