கிலோ வெள்ளைக்காரன் கொடுத்ததா?

வணக்கம் ஐயா,

படி, வீசை, பலம் எல்லாம் காணாமல் போனதைப் பற்றி வீட்டில் பேச்சு வந்தது. "கிலோவையும் மீட்டரையும் வெள்ளைக்காரன் நம் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டான்" என்றார் தாத்தா. அந்தந்த ஊருக்கு அந்தந்த அளவு இருந்தால் என்ன குறைந்துவிடும்?

ஒரு வாசகர், தஞ்சாவூர்

அன்புள்ள வாசகருக்கு,

தாத்தாவிடம் பதமாகச் சொல்லுங்கள். வெள்ளைக்காரன் கட்டியது பவுண்டையும் கெஜத்தையும். கிலோவும் மீட்டரும் அவன் போன பிறகு நாமே எடுத்துக்கொண்டவை. 1956-ல் சட்டம், 1957 ஏப்ரலில் ரூபாய்க்கு நூறு என்ற கணக்கில் நயா பைசா, 1958 அக்டோபர் முதல் கட்டம் கட்டமாகப் புது எடைக்கற்கள். பிரிட்டன் மெட்ரிக்குக்கு மாறப்போவதாக அறிவித்ததே 1965-ல்தான். சாலையில் இன்னமும் மைல்தான் அங்கே.

சரி, ஊர் அளவுக்கு வருகிறேன். எங்கள் வீட்டுக் குதிர் பக்கத்தில் இரண்டு மரக்கால் இருக்கும். பார்க்க ஒன்றுபோலத்தான். ஒன்று குத்தகை நெல் வாங்க, இன்னொன்று கூலி அளக்க. வாங்கும்போது குவித்து, கொடுக்கும்போது தலைதட்டி. எதற்கு இரண்டு என்று கேட்டேன். பாட்டி பதில் சொல்லாமல் சாப்பிடக் கூப்பிட்டார்.

பிரான்சிலும் இதே கதைதான். குத்தகையாகத் தானியம் வாங்கும் பிரபுவிடமே அளக்கும் பாத்திரமும் இருந்தது. 1789-ல் மக்கள் மன்னருக்குக் குறைகளை எழுதி அனுப்பியபோது, ஒரே அளவு வேண்டும் என்ற கோரிக்கை ஊர் ஊராக வந்தது. யாருக்கும் சொந்தமில்லாத அளவு எது? பூமி. வடதுருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையிலான தூரத்தில் கோடியில் ஒரு பங்கு ஒரு மீட்டர் என்றார்கள். அதைக் கண்டுபிடிக்க டெலாம்பர், மெஷான் என்ற இருவர் 1792-ல் கிளம்பி, டன்கர்க் முதல் பார்சிலோனா வரை புரட்சிக்கும் போருக்கும் நடுவே வருடக்கணக்கில் அளந்தார்கள். பார்சிலோனாவில் எடுத்த கணக்கு ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பதை மெஷான் வெளியே சொல்லவே இல்லை. மனசு கேட்காமல் மறுபடி அளக்கப் போனவர் 1804-ல் ஸ்பெயினில் காய்ச்சலில் இறந்தார். பாவம், நேர்மையான மனிதர்களுக்குத்தான் இப்படி அரிக்கும். கடைசியில் மீட்டர் 0.2 மில்லிமீட்டர் குட்டையாகப் போனது, பூமி அவர்கள் நினைத்த வடிவத்தில் இல்லாததும் சேர்ந்து. யாரும் திருத்தவில்லை. எல்லோர் கையிலும் ஒரே குட்டை இருந்தால் போதுமே. பிரான்சே நடுவில் பழைய அளவுகளுக்கு நழுவி, 1840-ல்தான் மீட்டரைக் கட்டாயமாக்கியது.

அப்புறம், வெள்ளைக்காரன் விட்டுப்போன அளவைப் பார்க்கத் தாத்தாவுக்கு ஆசையென்றால் நகைக்கடைக்கு அழைத்துப்போங்கள். பவுன் என்பது அவர்களுடைய தங்கக் காசின் எடை, 7.99 கிராம். அதை நாம் 8 என்று முழுசாக்கி வைத்திருக்கிறோம்.