மாலேயில் இறங்கிய பிறகு: தீவு விடுமுறை குறித்து வாசகர் கேள்விகள்

தொலைதூரத் தீவுகளுக்கு விடுமுறைப் பயணம் திட்டமிடுவோர் கேள்விகள் அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அறையைப் பற்றியும் தள்ளுபடியைப் பற்றியும்தான் கேட்டிருந்தன. விமான நிலையத்திலிருந்து அந்த அறைக்குப் போய்ச் சேரும் வழியைப் பற்றிக் கேட்டவர் ஒரே ஒருவர். அவருடைய கடிதத்திலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: எங்கள் இருபத்தைந்தாவது மணநாளை ஒட்டி, பிப்ரவரியில் ஏழு இரவுகள் மாலத்தீவில் தங்க நினைக்கிறோம். பா அடோல் என்னும் பவளத் தீவுக் கூட்டத்தில் ஒரு ரிசார்ட்டைப் பார்த்து வைத்திருக்கிறோம். அங்கே சீபிளேன் என்னும், தண்ணீரில் இறங்கும் சிறு விமானத்தில்தான் போக முடியும். தலைநகர் மாலேவுக்குக் காலை பத்து மணிக்குப் போய்ச் சேரும் விமானம் ஒன்று இருக்கிறது. மாலை ஐந்து மணிக்குப் போய்ச் சேரும் விமானத்தில் இருவருக்குமாக 260 பவுண்டு குறைகிறது. எதில் போவது நல்லது?
— லண்டன் வாசகர் ஒருவர்

பதில்: காலை விமானத்தையே எடுங்கள். சீபிளேன் ஓட்டுபவர் தண்ணீர்ப் பரப்பையும் அலையையும் பாறைத் திட்டுகளையும் கண்ணால் பார்த்துத்தான் இறக்க வேண்டும் என்பதால், மாலத்தீவில் அந்த விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கின்றன. பொதுவாகப் பிற்பகல் மூன்றரை மணிக்குப் பிறகு மாலேயில் வந்திறங்குபவர்களுக்கு அன்றைக்குச் சீபிளேன் கிடைப்பது அரிது. ஐந்து மணிக்கு இறங்கினால் மாலேயிலோ அதனை ஒட்டிய ஹுல்ஹுமாலேயிலோ ஓர் இரவு தங்கித்தான் ஆக வேண்டும். அந்த விடுதிக் கட்டணத்தையும், ரிசார்ட்டில் உங்கள் பெயரில் வெறுமையாகக் கிடக்கும் முதல் இரவின் வாடகையையும் சேர்த்துப் பார்த்தால், நீங்கள் மிச்சப்படுத்தியதாக எண்ணும் 260 பவுண்டு மாலேயிலேயே கரைந்துவிடும். திரும்பும் நாளுக்கும் இதே கணக்குதான். உங்கள் லண்டன் விமானம் காலை எட்டு மணிக்குப் புறப்படுவதாக இருந்தால், முதல் நாள் மாலையே தீவைவிட்டு வெளியேற வேண்டியிருக்கும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் இடையில் மாற வேண்டிய விமானம் இரண்டு மணி நேரம் தாமதமாகி, நான் மாலேயில் இறங்கியபோது மணி நாலேகால். அன்றைய கடைசிச் சீபிளேன் நீரைக் கிழித்துக்கொண்டு கிளம்புவதைக் காத்திருப்பு அறையின் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு நின்றேன். முதல் இரவுக்கான பணத்தைத் திருப்பித் தர முடியாது என்று ரிசார்ட் சொன்னது. ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தில் அது எழுதியும் இருந்தது. மூன்றாம் பக்கம் வரை நான் படித்திருக்கவில்லை. ஆகையால் இடையில் விமானம் மாறுவதாக இருந்தால், தாமதமானாலும் நண்பகலுக்குள் மாலே சேரும்படி நேரத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

சீபிளேன் நேரத்தைப் பெரும்பாலும் முந்தின நாள் மாலையில்தான் உறுதி செய்வார்கள். ஒரே விமானம் வழியில் இரண்டு மூன்று தீவுகளில் ஆளை இறக்கிவிட்டுப் போவதும் உண்டு. இரண்டு மணி நேரக் காத்திருப்பை இயல்பானதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்கு 20 கிலோவும் கைப்பைக்கு 5 கிலோவும்தான் பொதுவான வரம்பு, அதற்கு மேல் கிலோவுக்கு இவ்வளவு என்று வாங்கிவிடுவார்கள். பெட்டி அடுத்த விமானத்தில் பின்னால் வருவதும் நடப்பதால், மருந்தையும் ஒரு மாற்றுடையையும் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். இத்தனைக்கும் பிறகு, பதினைந்து பேர் அமரும் அந்தச் சிறு விமானத்தில், செருப்பில்லாத காலுடன் விமானி உட்கார்ந்திருக்க, கீழே பச்சையும் நீலமுமாக வளையம் வளையமாகத் தெரியும் பவளத் திட்டுகளைப் பார்க்கும் அரை மணி நேரம் இருக்கிறதே, அதற்காகவே பகலில் போகலாம்.

கேள்வி: நாங்கள் இருவர் ஏழு இரவு தங்க நினைக்கும் மாலத்தீவு ரிசார்ட்டின் விலைப்பட்டியலில் ஓர் இரவுக்கு 500 டாலர் என்று போட்டு, பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகளும் இருக்கின்றன. அவை எதைக் குறிக்கின்றன?
— சென்னை வாசகி ஒருவர்

பதில்: சேவைக் கட்டணமும் வரியும் தனி என்பதைக் குறிக்கின்றன. மாலத்தீவில் சேவைக் கட்டணம் 10 சதவீதம். அதையும் சேர்த்த தொகையின் மீது சுற்றுலாத் துறைக்கான ஜி.எஸ்.டி. விதிக்கப்படுகிறது, அது 2025 ஜூலையிலிருந்து 17 சதவீதம். எனவே 500 டாலர் முதலில் 550 ஆகி, பிறகு 643 டாலர் 50 சென்ட் ஆகிறது. ஏழு இரவுக்கு 4,504 டாலரைத் தாண்டுகிறது. இதன்மேல் பசுமை வரி என்று ஒன்று உண்டு. ரிசார்ட்டுகளில் 2025 ஜனவரியிலிருந்து ஆளுக்கு ஓர் இரவுக்கு 12 டாலர் என்பதால், இருவருக்கு ஏழு இரவுக்கு 168 டாலர் சேரும். சீபிளேனுக்குப் போகவர ஆளுக்கு 400 முதல் 600 டாலர் வரை கேட்கிறார்கள். 500 என்று வைத்துக்கொண்டால் இருவருக்கு ஆயிரம். 3,500 டாலர் என்று நீங்கள் மனத்தில் போட்டு வைத்த கணக்கு, சாப்பாடு தொடங்கும் முன்பே 5,670 டாலருக்கு அருகில் வந்து நிற்கிறது.

சாப்பாட்டுக் கணக்கும் சின்னதல்ல. ரிசார்ட் தீவில் அந்த ரிசார்ட்டைத் தவிர வேறு கடையே கிடையாது. தண்ணீர்ப் பாட்டிலுக்குக்கூட அவர்கள் வைத்ததுதான் விலை. காலை உணவு மட்டும் அடங்கிய மலிவான சீட்டை எடுத்துவிட்டு ஒவ்வொரு வேளையும் விலைப்பட்டியலைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதைவிட, காலையும் இரவும் அடங்கிய ஹாஃப் போர்டு எடுப்பது நிம்மதி. மது அருந்தாத குடும்பத்துக்கு, சாப்பாடும் மதுவும் எல்லாம் அடங்கிய ஆல் இன்க்ளூசிவ் பெரும்பாலும் வீண் செலவு, ஏனெனில் அந்த விலையில் பெரும்பங்கு மதுவுக்கானது. இவ்வளவு செலவு கட்டுப்படியாகாது என்றால், மாஃபுஷி போன்ற மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் இல்லங்கள் இருக்கின்றன. படகுக் கட்டணமும் அறை வாடகையும் அங்கே பல மடங்கு குறைவு. ஆனால் குறிப்பிட்ட கடற்கரையைத் தவிர மற்ற இடங்களில் உடலை மறைத்த உடை அணிய வேண்டும், மதுவும் கிடைக்காது.

கேள்வி: பள்ளி விடுமுறை மே மாதத்தில்தான். எழுபதைத் தாண்டிய பெற்றோர், இரண்டு பிள்ளைகள், நாங்கள் இருவர். அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. அம்மா சுத்த சைவம். மாலத்தீவில் தண்ணீர் மேல் கட்டிய அறையில் தங்க வேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள்.
— மதுரை வாசகர் ஒருவர்

பதில்: பிள்ளைகளின் ஆசையை இந்த முறை ஒதுக்கி வைத்துவிட்டு, மொரிஷியஸ் போங்கள் என்பேன். முதல் காரணம் பருவம். மாலத்தீவில் மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிடும். நில நடுக்கோட்டுக்குத் தெற்கே இருபது பாகையில் கிடக்கும் மொரிஷியஸில் அப்போது புயல் பருவம் முடிந்து, வெயில் தணிந்து, நம் ஊர்க் கத்திரி வெயிலிலிருந்து போகிறவர்களுக்கு இதமாக இருக்கும். இரண்டாவது காரணம்தான் எனக்கு முக்கியம். தொலைவான அடோல் ஒன்றில் இரவு பதினோரு மணிக்கு உங்கள் தந்தைக்கு நெஞ்சு வலித்தால் சீபிளேன் பறக்காது. இருட்டில் பெரும்பாலும் படகில்தான் கொண்டுபோக வேண்டியிருக்கும். மொரிஷியஸ் சாலைகள் உள்ள பெரிய தீவு. ஏறத்தாழ 65 கிலோமீட்டர் நீளமும் 45 கிலோமீட்டர் அகலமும் கொண்ட அந்தத் தீவில் எந்தக் கடற்கரையிலிருந்தும் காரிலேயே மருத்துவமனைக்குப் போய்விடலாம். மும்பையிலிருந்து நேராகப் பறந்தால் சுமார் ஆறரை மணி நேரம். இந்தியர்கள் சுற்றுலாவுக்கு முன்கூட்டி விசா எடுக்க வேண்டியதில்லை. திரும்பும் சீட்டும், தங்குமிடப் பதிவும், செலவுக்குப் பணம் இருப்பதற்கான சான்றும் கையில் இருக்க வேண்டும். அந்த ஆறரை மணி நேரத்தில் பெற்றோர் இருவரும் அடிக்கடி எழுந்து நடக்கட்டும். பயணத்துக்கு முன் இதய மருத்துவரின் ஒப்புதலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அம்மாவின் சாப்பாட்டுக்குக் கவலையே வேண்டாம். வேகவைத்த பருப்பை உள்ளே வைத்துத் தட்டும் தால்பூரியும், நம் பருப்பு வடையின் ஒன்றுவிட்ட தம்பியான கத்தோ பிமானும் தெருவோரத்திலேயே கிடைக்கும். கோயில் விழாக்களில் வாழை இலையில் பரிமாறும் ஏழு கறிச் சாப்பாட்டைத் தமிழ் வமிசாவளியினர் இன்றும் விடவில்லை. தைப்பூசக் காவடி அங்கே அரசு விடுமுறை. அந்நாட்டு ரூபாய் நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்தபடியாகத் தமிழ் இருக்கிறது. 1998இல் வெளியிட்ட புதிய நோட்டில் தமிழை மூன்றாம் இடத்துக்குத் தள்ளியபோது எழுந்த எதிர்ப்பில் அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள். ஆனாலும் தமிழில் பேசிக் காரியம் முடிக்கலாம் என்று நம்பிப் போகாதீர்கள், தெருவில் கேட்பது பிரெஞ்சிலிருந்து கிளைத்த கிரியோலும் பிரெஞ்சும்தான்.

தங்குமிடத்தை மேற்குக் கரையில் ஃபிளிக் ஆன் ஃபிளாக் பக்கம் எடுங்கள். நில நடுக்கோட்டுக்குத் தெற்கே இருப்பதால் அங்கே மே மாதத்துக்குப் பின் வருவது குளிர்காலம். அது நெருங்க நெருங்கத் தென்கிழக்குக் காற்று கிழக்குக் கரையில் பலமாக அடிக்கும். நடுவிலுள்ள மேட்டு நிலம் மழையைத் தடுத்துவிடுவதால் மேற்கு உலர்ந்தும் அமைதியாகவும் இருக்கும். தீவைச் சுற்றிப் பெரும்பாலும் பவளத் திட்டு அரண்போல நிற்பதால் உள்ளே கடல் குளம்போலக் கிடக்கும். தெற்கே கிரி கிரி என்னுமிடத்தில் அந்த அரண் இல்லை, பிள்ளைகளை அங்கே நீரில் இறங்க விடாதீர்கள். ஒரு நாள் தலைநகர் போர்ட் லூயிசில் ஆப்பிரவாசி காட் என்னும் பழைய இறங்குதுறைக்கும் போய் வாருங்கள். ஒப்பந்தத் தொழிலாளர்கள் கப்பலிலிருந்து ஏறிவந்த படிக்கட்டுகள் இன்னும் அங்கே இருக்கின்றன.

கேள்வி: கிறிஸ்துமஸ் விடுமுறையில் நான்கு வயது மகளுடன் ஏழு நாள் மாலத்தீவு. திட்டம் சரிதானா?
— டொராண்டோ வாசகி ஒருவர்

பதில்: ஏழு நாளுக்கு அது தகாது. நேரடி விமானம் இல்லாததால் ஒரு வழிக்கே இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகும். மாலே நேரம் உங்கள் நேரத்தைவிடப் பத்து மணி நேரம் முன்னால் ஓடுகிறது. குழந்தையின் தூக்கம் சீராகும் நாளில் நீங்கள் பெட்டி கட்டிக்கொண்டிருப்பீர்கள். அதோடு, டிசம்பர் 24ஆம் தேதி இரவுக்கும் 31ஆம் தேதி இரவுக்கும் விருந்து என்ற பெயரில் கட்டாயக் கட்டணம் வாங்கும் ரிசார்ட்டுகள் பல. ஏழு நாள்தான் என்றால், டொராண்டோவிலிருந்து ஐந்து மணி நேரத்தில் நேராகப் போய்ச் சேரும் பார்படோஸ் உங்களுக்குப் போதும். அங்கே நேர வித்தியாசம் ஒரு மணி நேரம்தான். மாலத்தீவுதான் வேண்டும் என்றால் பன்னிரண்டு நாளாவது ஒதுக்கி, முதல் இரவைத் தெரிந்தே ஹுல்ஹுமாலேயில் கழித்து, வேகப்படகில் போகக்கூடிய வடக்கு அல்லது தெற்கு மாலே அடோலில் கடற்கரை அறையாகப் பாருங்கள். தண்ணீர் மேல் கட்டிய அறைகளின் முற்றத்தில் பல இடங்களில் கைப்பிடிச் சுவரே இருக்காது. சிறு குழந்தைகளுக்கு அங்கே அனுமதி மறுக்கும் ரிசார்ட்டுகளும் உண்டு, அந்த மறுப்பு நியாயமானதும்கூட.

கேள்வி: ஆகஸ்டில் மாலத்தீவு பாதி விலைக்குக் கிடைக்கிறது. மழையில் வீணாகிவிடுமா?
— கோயம்புத்தூர்ப் புதுமணத் தம்பதியர்

பதில்: நாள் முழுதும் கொட்டும் மழை அடிக்கடி வராது, வந்து அடித்துவிட்டு ஓய்ந்துவிடும். கடல் கலங்கலாகவும் அலை உயரமாகவும் இருக்கும் என்பதை ஏற்றுக்கொள்ள முடிந்தால் போகலாம். அந்தக் கலங்கலில் மிதவை உயிரிகள் பெருகுவதால்தான் பா அடோலின் ஹனிஃபாரு விரிகுடாவுக்கு மான்ட்டா திருக்கைகள் கூட்டமாக வருகின்றன. ஏறத்தாழ ஜூன் முதல் நவம்பர் வரை அவற்றைப் பார்க்கலாம். மூச்சுக் குழாயுடன் நீர்ப்பரப்பில் மிதந்து பார்க்கும் ஸ்நார்கெலிங் மட்டுமே அங்கே அனுமதி, காற்றுக் குடுவையுடன் ஆழத்தில் முழுகும் ஸ்கூபா கிடையாது. வேறிடத்தில் ஸ்கூபா செய்வதாக இருந்தால், கடைசி முழுக்குக்கும் விமானம் ஏறுவதற்கும் இடையே ஒரு முழு நாள் விடுங்கள்.

கேள்வி: எனக்கு நீச்சல் தெரியாது. ஸ்நார்கெலிங் செய்யலாமா?
— திருச்சி வாசகர் ஒருவர்

பதில்: லைஃப் ஜாக்கெட் அணிந்து, வழிகாட்டி ஒருவர் கூடவே வந்தால், கரையோர நீர்ப்பரப்பில் செய்யலாம். பவளத் திட்டின் விளிம்பைத் தாண்டிப் போகாதீர்கள், நீரோட்டம் அங்கே இழுக்கும். பதிவு செய்யும் முன், கரையிலிருந்தே நடந்து அடையக்கூடிய பவளத் திட்டு, அதாவது ஹவுஸ் ரீஃப், உண்டா என்று கேளுங்கள். இல்லாத தீவில் ஒவ்வொரு முறையும் படகுக்குப் பணம் கட்ட வேண்டும்.

கேள்வி: எங்கே போனாலும் ஒரு சிறு பிள்ளையார் சிலையைப் பெட்டியில் எடுத்துச் செல்வது எங்கள் வீட்டு வழக்கம். மாலத்தீவில் ஆட்சேபம் உண்டா?
— கும்பகோணம் வாசகி ஒருவர்

பதில்: உண்டு. வழிபாட்டுச் சிலைகளையும், மதுவையும், பன்றி இறைச்சியையும் கொண்டுவரக் கூடாது என்பது அந்நாட்டுச் சுங்க விதி. மின்சிகரெட்டுக்கும் தடை இருக்கிறது. புறப்படும் முன் 96 மணி நேரத்துக்குள் இமுகா என்ற இணையப் படிவத்தையும் நிரப்பிவிடுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை, எனவே பணம் கேட்கும் தளங்களை நம்ப வேண்டாம். பிள்ளையார் இந்த ஒரு முறை வீட்டிலேயே இருக்கட்டும்.