குவோப்பியோவுக்குக் கிளம்பும் தம்பிக்கு

தம்பி, ஒளியியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு பின்லாந்தின் குவோப்பியோவில் பிஎச்.டி.க்கு இடம் கிடைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். மூட்டுக் குருத்தெலும்பை, அதாவது எலும்பு முனையை மூடியிருக்கும் வழுவழுப்பான ஜவ்வை, ஒளியால் பார்த்து தேய்மானத்தை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்கும் வேலை. நல்ல துறை, சந்தோஷம். என்ன ஜாக்கெட் வாங்குவது, கறிவேப்பிலை கிடைக்குமா, வேலை முழுக்கக் கணினியில்தானே என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். ஜாக்கெட்டை இங்கே வந்து வாங்குங்கள், சென்னையில் விற்பது இந்தக் குளிருக்குக் காணாது. கறிவேப்பிலையைக் கிடைக்கும்போது வாங்கி ஃப்ரீசரில் போட்டுக்கொள்ளலாம். மூன்றாவது கேள்விக்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

"எலும்பைத் தொடவே வேண்டாம், டேட்டா இருக்கும், டீப் லேர்னிங் போட்டால் போதும்" என்று உங்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். நம்மவர்களில் இப்படிச் சொல்பவர்கள் நிறையப் பேர். எனக்கு இதில் ரொம்பக் கோபம் உண்டு. குருத்தெலும்பின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். மேசையில் வைத்துவிட்டு காபி குடித்து வந்தால் ஓரம் காய ஆரம்பித்திருக்கும். நாம் அளக்கப் பயன்படுத்தும், கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியைத் தண்ணீர் பலமாக உறிஞ்சும். எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி உறிஞ்சப்பட்டது என்று காட்டும் வரைபடம்தான் ஸ்பெக்ட்ரம், அதில் 1450 நானோமீட்டர் பக்கம் தண்ணீர் பெரிய மேடாகவே தெரியும். அளக்கும் முனையைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலும் உள்ளே இருக்கும் நீர் நகர்ந்து ஸ்பெக்ட்ரம் மாறும். சாய்த்துப் பிடித்தாலும் மாறும். அளந்தவர் கை எப்படி இருந்தது என்று தெரியாதவருக்கு, திரையில் தெரிவது நோயா, காய்ந்துபோன சாம்பிளா என்று எப்படித் தெரியும்?

நான் முதலில் வந்து இறங்கியது ஐரோப்பாவில் வேறொரு ஊர். எந்த இடம் என்பது வேண்டாம். எனக்கு முன்னால் இருந்தவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். ஃப்ரீசர் நிறைய மாட்டு முழங்கால் சில்லுகள், கணினி நிறைய ஸ்பெக்ட்ரம். ஆனால் எந்த ஸ்பெக்ட்ரம் சில்லின் எந்த இடத்தில் எடுத்தது என்று ஒரு குறிப்பும் இல்லை. ஒளியில் பார்த்த அதே இடத்தை வெட்டி, சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் ஒப்பிட்டால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுப் புதிதாக ஆரம்பித்தேன். இறைச்சிக்கூடத்திலிருந்து மூட்டு வாங்கி வந்து, உப்புக்கரைசலில் நனைத்த துணி போர்த்தி, ஒவ்வொரு புள்ளிக்கும் மையால் அடையாளம் வைத்து அளந்தேன். பிறகு எலும்பிலிருந்து கால்சியத்தை நீக்க ஈடிடிஏ என்ற வேதிப்பொருளின் கரைசலில் வாரக்கணக்கில் ஊறப்போட வேண்டும். அப்புறம் மெல்லிய சீவல். சஃப்ரனின்-ஓ சாயம் ஏற்றினால் நல்ல குருத்தெலும்பு சிவப்பாக நிற்கும். ஜவ்வுக்குள் தண்ணீரைப் பிடித்து வைக்கும் புரோட்டியோகிளைக்கான் என்ற பொருள் கரைந்துபோன இடத்தில் அந்தச் சிவப்பு மேலிருந்து வெளுத்துக்கொண்டே வரும். அந்த வெளுப்பைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எனக்கு என் வேலை புரிந்தது. நான் சைவம். வீட்டில் முட்டைகூடச் சமைத்ததில்லை. அந்தக் கையால்தான் ரம்பம் பிடித்தேன், பழகிவிட்டது. நீங்களும் பழகிக்கொள்வீர்கள்.

இன்னொன்று. மாட்டு மூட்டில் சரியாகக் கணித்த கணினி மாடல் மனிதரிடம் அப்படியே வேலை செய்யாது. இறைச்சிக்கூடத்தில் கிடைப்பது பெரும்பாலும் இளம் மாடு, நல்ல மூட்டு. மனித மூட்டு என்றால் மாற்று அறுவையில் எடுத்துப் போட்டது, அது முற்றிய நோய். நமக்கு வேண்டியதோ இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஆரம்ப நிலை. அது கிடைப்பதுதான் கஷ்டம். "98 சதவீதம் சரியாகச் சொல்கிறது" என்று யாராவது காட்டினால், எந்த மூட்டில் என்று முதலில் கேளுங்கள்.

இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால் என் அம்மாதான் காரணம். எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது, எலும்புக்கு நடுவில் உள்ள இடைவெளிதான் தெரியும். இடைவெளி குறைந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது அம்மாவின் ஜவ்வு பாதி போயிருந்தது. அதில் நரம்பு இல்லை, அதனால் முதலில் வலிக்காது. ரத்தக்குழாய் இல்லை, போனால் தானாக வளராது. முழங்காலில் அதன் தடிமன் பெரும்பாலும் 2 முதல் 4 மில்லிமீட்டர்தான். 1991-இல் வெளிவந்த ஓசிடி என்ற, ஒளியால் திசுவின் குறுக்குவெட்டுப் படம் எடுக்கும் முறையில் மேலிருந்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழம்வரை, ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவு விவரத்தோடு பார்க்கலாம். மேற்பரப்பில் விழும் முதல் கீறல் அதில் தெரியும். இப்போது ஆர்த்ராஸ்கோப்பியில், அதாவது சின்னத் துளை வழியாக மூட்டுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும்போது, டாக்டர் ஒரு சின்னக் கொக்கியால் குத்திப் பார்த்து "இங்கே மெத்தென்று இருக்கிறது" என்று சொல்வார், இன்னொரு டாக்டர் அதே இடத்தை நன்றாக இருக்கிறது என்பார். நம் கருவி நிற்க வேண்டிய இடம் அதுதான்.

அந்த அறுவை அறைக்குள் போக வேண்டுமென்றால் ஃபின்னிஷ் படியுங்கள். ஆங்கிலமே போதும் என்று பத்து வருடம் இங்கே இருந்தும் பேசாத நம் ஆட்கள் உண்டு, வார இறுதியில் ஒரே வீட்டில் கூடி இந்த ஊரைக் குறை சொல்வார்கள். நான் மாலை வகுப்புக்குப் போனேன். டிசம்பரில் பகல் ஏறக்குறைய ஐந்து மணி நேரம்தான், போகும்போதும் வரும்போதும் இருட்டு, கல்லவேசி ஏரிப் பக்கமிருந்து காற்று வேறு. நர்ஸிடம் அவர் மொழியிலேயே பேச ஆரம்பித்த பிறகுதான் எந்தச் சாம்பிள் எப்போது வரும் என்று எனக்கு முன்கூட்டியே சொன்னார்கள்.

கடைசியாகப் பணம். உங்களுக்கு வருவது சம்பளமா, உதவித்தொகையா என்று இன்றே மெயில் போட்டுக் கேளுங்கள். பின்லாந்தில் உதவித்தொகையில் வேலை செய்பவர் ஓய்வூதிய, விபத்துக் காப்பீட்டை மேலா என்ற நிறுவனத்தில் தானே எடுக்க வேண்டும். சம்பளத்தோடு வரும் விடுமுறையும் இருக்காது. இடையில் சம்பளத்திலிருந்து உதவித்தொகைக்கு மாற்றுவார்களா என்றும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.