கிட்டார்ல ரெஸ்ட் ஸ்ட்ரோக் பிக்கிங்: கேள்வி பதில்

பாம்பன்: அண்ணே, ரெஸ்ட் ஸ்ட்ரோக்னா ஓங்கி அடிக்கிறதா?

இல்லை தம்பி. கீழ்நோக்கி அடிச்ச பிக் (கம்பியை மீட்டுற சின்னத் தகடு) காத்துல நிக்காம அடுத்த கம்பியில சாய்ஞ்சு நிக்கணும். மூணாவது கம்பியை அடிச்சா ரெண்டாவதுல போய் உட்காரும் (மெல்லிசுதான் முதல் கம்பி, தடித்தது ஆறாவது). கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட் (1910–1953) வழிவந்த ஜிப்ஸி ஜாஸ்காரங்களோட அடிப்படையே இதுதான். கை கனத்தால விழணும், முழங்கை இறுகக் கூடாது. கையில ஒட்டின தண்ணியை உதறுற மாதிரி மணிக்கட்டு சுழலட்டும். உள்ளங்கையைப் பிரிட்ஜ்ல (கிட்டார் உடம்புல கம்பியைத் தாங்குற கட்டை) ஊன்றாதீங்க. பிக்கை விரல் பிடிக்கிற பக்கம் தரையை நோக்கிச் சாய்ச்சு வைங்க. அப்பதான் டவுன் ஸ்ட்ரோக் கம்பிகளுக்கு நடுவுல இறங்கும், அப் ஸ்ட்ரோக் மேலே விடுபட்டு வரும்.

மண்டபம்: எதிலிருந்து ஆரம்பிக்கணும்?

மெட்ரோனோம் (தாளம் தட்டுற கருவி) நிமிஷத்துக்கு 60. ஆறாவது கம்பியில வெறும் டவுன் மட்டும், பீட்டுக்கு ஒண்ணு. ஒவ்வொரு அடிக்கும் பிக் அஞ்சாவது கம்பியைத் தொட்டு நிக்குதான்னு பாருங்க. அது சரியானதும் பீட்டுக்கு ரெண்டு: டவுன், அப். பிக் நுனி 2 மி.மீ.க்கு மேல உள்ளே போனா சிக்கும். முதல் கம்பிக்குக் கீழே சாய இடம் கிடையாது. வீச்சு மட்டும் அதே அளவு.

கீழக்கரை: சுரம் மேலே போறப்போ ஓடுது, இறங்குறப்போ தடுமாறுது.

எல்லாருக்கும் மாட்டுற இடம் இது. விதி ஒண்ணுதான்: புதுக் கம்பி எதுவானாலும் டவுன்ல தொடங்கணும். ஒரு கம்பியில மூணு சுரம்னா டவுன்-அப்-டவுன். தடித்த கம்பியிலிருந்து மெல்லிசுக்குப் போறப்போ, கடைசி டவுன் முடியுற இடத்திலேயே பிக் அடுத்த கம்பி மேல இருக்கும், தள்ளினாப் போதும். எதிர்த்திசையில பிக்கைத் தூக்கி ரெண்டு கம்பி தாண்டணும். அதனால இறங்குறப்போ கம்பிக்கு ரெண்டு அல்லது நாலு சுரமா விரலை மாத்தி அமைங்க; அப்-ல முடியும், தூக்கல் தானா நடந்துடும். மூணுதான் வேணும்னா கடைசியை புல்-ஆஃப் பண்ணுங்க (பிக் இல்லாம, இடது கை விரலை இழுத்து எடுத்து ஒலிக்க வைக்கிறது). வேகத்தைக் கூட்டிப் பார்த்து இது சரியாகாது.

தங்கச்சிமடம்: சர்ச் கொயர்ல ஆர்பெஜியோ (கார்டோட சுரங்களை ஒவ்வொண்ணா மீட்டுறது) வாசிச்சா கார்டு (சேர்ந்து ஒலிக்கிற சுரங்கள்) ஒலி அறுந்து போகுது.

போகத்தான் செய்யும். பிக் சாயுற கம்பி அடங்கிடும். பாட்டுக்குப் பின்னணியா கார்டு ஒலிக்கணும்னா சாயாம அடிங்க. இடையிசையில தனிமெட்டு வர்றப்போ ரெஸ்ட் ஸ்ட்ரோக்.

தொண்டி: அண்ணா, எந்த பிக்? நைலான் கிட்டாருக்கும் இதே முறையா?

2 மி.மீ. தடிமன் அல்லது அதுக்கு மேல, வளையாதது. மெல்லிசு பிக் சாயுறதுக்குள்ள வளைஞ்சு 'டிக்'னு சத்தம் போடும். பிக்கால வாசிச்சா நைலானுக்கும் இதேதான், தங்கச்சி. கிளாசிக்கல்ல விரலால பண்ற ரெஸ்ட் ஸ்ட்ரோக் வேற. அங்க விரல் மேல்நோக்கி வந்து, பக்கத்துல இருக்கிற கனமான கம்பியில சாயும். ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

ராமேஸ்வரம்: கம்பி சீக்கிரம் சொரசொரப்பாகுது.

உப்புக்காத்து. துரு ஏறின கம்பியில பிக் வழுக்காம உரசும், சாயுற உணர்வே கிடைக்காது. வாசிச்சு முடிச்சதும் காஞ்ச பருத்தித் துணியால கம்பியோட அடிப்பக்கத்தையும் சேர்த்துத் துடைச்சு, கேஸ்ல மூடி வைங்க. கடலைப் பார்த்த ஜன்னல் பக்கம் ஸ்டாண்டுல நிறுத்தாதீங்க. கோட்டிங் போட்ட கம்பி விலை கூட, ஆனா நம்ம பக்கத்துக்கு அதுதான் லாபம்.