ஜெர்மனியில் முதல் வாரம்: சாவியும் முகவரியும் முதலில், சாப்பாட்டு மூட்டை அப்புறம்

கேள்வி: புளியரையில் இருக்கிறோம். மகள் ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்தில் எம்.எஸ். படிக்க விசா வாங்கிவிட்டாள். வயது 23. மாணவர் விடுதியில் அக்டோபர் 1 முதல் அறை உறுதியாகியிருக்கிறது. பிளாக்டு அக்கவுண்டில், அதாவது விசாவுக்காகப் பணத்தை முடக்கிவைக்கிற கணக்கில், 11,904 யூரோ போட்டாயிற்று. அக்டோபர் 1 வியாழக்கிழமை ராத்திரி திருவனந்தபுரத்தில் ஏறினால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய்ச் சேர்ந்துவிடலாம், நாளும் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். டிக்கெட் இன்னும் போடவில்லை. போன முதல் சில நாளில் அவள் என்னென்ன செய்ய வேண்டும்? அரிசி, பொடி, நெய், கருவாடு எல்லாம் எவ்வளவு கொடுத்துவிடலாம்? அங்கே தெரிந்தவர்கள் என்று யாரும் இல்லை.

பதில்: டிக்கெட் போடுவதற்கு முன்னால் கேட்டீர்களே அண்ணாச்சி, அதுவே பெரிய காரியம். அந்த வெள்ளிக்கிழமையை விட்டுவிடுங்கள்.

விடுதி அறையின் சாவி ஹவுஸ்மைஸ்டர் என்கிற பராமரிப்பாளர் கையில் இருக்கும். அவர் வார நாட்களில், பெரும்பாலும் பகலில் சில மணி நேரம் மட்டுமே அலுவலகத்தில் இருப்பார். வெள்ளி சாயங்காலம் அந்தக் கதவு பூட்டியிருக்கும். மறுநாள் சனிக்கிழமை அக்டோபர் 3. 1990இல் இரண்டு ஜெர்மனியும் ஒன்றான நாள் அது, நாடு முழுக்க விடுமுறை, கடைகளும் கிடையாது. அதற்கடுத்து ஞாயிறு. ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை சூப்பர் மார்க்கெட் திறக்காது, பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கிற கடைகள்தான் துணை. ஆக, பிள்ளை வெள்ளி இறங்கினால் திங்கள் காலை வரைக்கும் அறையும் இல்லை, அரிசி பருப்பு வாங்கக் கடையும் இல்லை. இரண்டு பெரிய பெட்டியோடு மூன்று ராத்திரி லாட்ஜில் கிடக்க வேண்டிவரும்.

நல்ல நேரம் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வீட்டை விட்டு இறங்குகிற நேரத்தை நீங்கள் பாருங்கள். அங்கே போய் இறங்குகிற கிழமை மட்டும் திங்கள் முதல் புதனுக்குள் இருக்கட்டும். டிக்கெட் போட்ட அன்றே விடுதி நிர்வாகத்துக்கு மெயில் அனுப்பி, இன்ன தேதி இன்ன நேரம் சாவி வாங்க வருகிறேன் என்று பதில் வாங்கிவிட வேண்டும். இறங்குகிற அன்று ராத்திரிக்கு மட்டும் டிரெஸ்டன் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை பதிந்துவைத்தால், மறுநாள் காலை குளித்துத் தெளிந்து போய்ச் சாவி வாங்கலாம்.

சாவி கையில் வந்ததும் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் போனை எடுத்து அறை முழுவதையும் படம் பிடிக்கச் சொல்லுங்கள். சுவரில் கீறல், மெத்தையில் கறை, ஜன்னல் கைப்பிடி, அடுப்பின் கண்ணாடித் தட்டு, குளியலறை ஓரம் என்று எதையும் விடக்கூடாது. அறையை ஒப்படைக்கும்போது ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள். உடைந்தது, பழுதானது எல்லாம் அந்தத் தாளில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும். ரெண்டு வருஷம் கழித்துக் காலி செய்யும்போது அட்வான்ஸ் முழுதாகத் திரும்பி வருவதும் வராததும் இந்தத் தாளைப் பொறுத்தது.

அடுத்தது முகவரிப் பதிவு. குடியேறிய 2 வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் போய் இந்த முகவரியில் இருக்கிறேன் என்று பதிய வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். அன்மெல்டுங் என்பார்கள். பாஸ்போர்ட், விசாவோடு, இவர் இங்கே குடிவந்தார் என்று வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தனிப் படிவம் ஒன்றும் வேண்டும். வாடகை ஒப்பந்தம் அதற்கு ஈடாகாது. மாணவர் விடுதியில் கேட்டால் தந்துவிடுவார்கள், சாவி வாங்கும்போதே கேட்டு வாங்கிவிடுவது உத்தமம். செமஸ்டர் தொடக்கத்தில் நகர அலுவலகத்தில் நேரம் கிடைப்பது கஷ்டம், அதனால் புளியரையில் இருக்கும்போதே ஆன்லைனில் தேதி பிடித்துவிடுங்கள். 2 வாரத்துக்குள் தேதியே இல்லை என்றால் இருப்பதில் முந்தியதைப் பிடித்து, முன்பதிவு செய்த சான்றைப் பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும்.

இதில் நான் இவ்வளவு அழுத்துவதற்குக் காரணம் உண்டு. பல வங்கிகள் கணக்குத் திறக்கப் பதிவுச் சான்றைக் கேட்கின்றன. வரி எண் அதன் பிறகுதான் தபாலில் வருகிறது, விசா முடிந்தபின் தங்கும் அனுமதிக்கும் அதுவே அடிப்படை. நீங்கள் போட்ட 11,904 யூரோவும் மொத்தமாகக் கைக்கு வராது. மாதம் 992 யூரோ வீதம், பிள்ளையின் பெயரில் அங்கே உள்ள நடப்புக் கணக்குக்கு மட்டும் வரும். முகவரி தாமதமானால் கணக்கு தாமதம், கணக்கு தாமதமானால் உங்கள் சொந்தப் பணமே உங்களுக்கு எட்டாது.

ஆகவே முதல் நாலைந்து வாரத்துக்கான செலவை அவள் தனியாகக் கொண்டுபோக வேண்டும். அட்வான்ஸ், முதல் மாத வாடகை, சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் சேர்த்து 1,200 முதல் 1,500 யூரோ வரை ஃபாரெக்ஸ் கார்டில் (வெளிநாட்டுப் பணம் ஏற்றிய கார்டு) இருந்தால் நான் நிம்மதியாக இருப்பேன். அதுபோக 300 யூரோ ரொக்கம், 10, 20, 50 தாள்களாக. கார்டு வாங்காத சின்னக் கடைகள் அங்கே இன்னும் நிறைய உண்டு.

இன்னொன்று, யாரும் சொல்லித்தராதது: தபால் பெட்டியில் பெயர் ஒட்டுவது. அங்கே தபால்காரர் கதவு எண்ணைப் பார்ப்பதில்லை, பெட்டியில் எழுதியிருக்கிற பெயரைப் பார்க்கிறார். பெயர் இல்லாவிட்டால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும். வங்கி கார்டு ஒரு கவரில் வரும், அதன் ரகசிய எண் வேறொரு கவரில் வரும், இன்சூரன்ஸ் அட்டை, வரி எண் எல்லாமே தபால்தான். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதில் கூடுதல் சிக்கல் ஒன்று இருக்கிறது. சிலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும், சிலருக்கு அப்பா பெயர் அங்கே ஏறியிருக்கும். என்னிடம் வழி கேட்டுப் போன கடையநல்லூர்ப் பையன் ஒருவன் இனிஷியலும் தன் பெயருமாக ஒட்டிவைத்திருந்தான். கடிதங்களோ அவன் அப்பா பெயருக்கு வந்தன. கார்டு இரண்டு முறை திரும்பிப் போயிற்று. பாஸ்போர்ட்டில் உள்ள எல்லாப் பெயரையும், எழுத்து மாறாமல், சாவி வாங்கிய அன்றே ஒட்டிவிடச் சொல்லுங்கள். பல்கலைக்கழகம், வங்கி, இன்சூரன்ஸ் எல்லா இடத்திலும் அதே வரிசை, அதே எழுத்து.

மருத்துவக் காப்பீட்டில் அவசரப்பட்டுவிடாதீர்கள். 30 வயதுக்குட்பட்ட மாணவர்கள் அரசு முறைக் காப்பீட்டில் மாணவர் கட்டணத்தில் சேரலாம். தனியார் காப்பீடு பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று சிலர் முதல் வாரத்திலேயே அரசு முறையிலிருந்து விலக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த விலக்கைப் படிப்பு முடியும்வரை திரும்பப் பெற முடியாது. மகளுக்கு 23தான் என்பதால் அரசு முறைதான் சரி. சேர்ந்த தகவலைக் காப்பீட்டு நிறுவனமே மின்னணு வழியில் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும், அது போய்ச் சேராமல் அட்மிஷன் முழுமையடையாது. இதை இங்கிருந்தே விண்ணப்பிக்கலாம். விசாவுக்காக எடுத்த பயணக் காப்பீடு அதுவரைக்கும் இடைக்காலப் பாதுகாப்பு. உயிருக்கு ஆபத்து என்றால் 112, போலீஸ் 110. ராத்திரியில் காய்ச்சல், வயிற்றுவலி மாதிரி என்றால் 116117இல் மருத்துவ ஆலோசனை கிடைக்கும். மூன்று எண்களையும் போனில் ஏற்றிவைத்து அனுப்புங்கள்.

பயணத்தைப் பற்றிக் கொஞ்சம். ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழை, பாலோடு, நெடுமங்காடு என்று மலைப்பாதையில் போகிறீர்கள். அக்டோபர் மழையும் புளியரை வளைவுகளில் லாரி வரிசையும் உங்களுக்கே தெரியும், ரெண்டு மணி நேரம் கூடுதலாக வைத்துக் கிளம்புங்கள். பிராங்க்பர்ட்டில் இறங்கி ரயிலில் போவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை: மலிவு விலை ரயில் டிக்கெட் அந்த ஒரு ரயிலுக்கு மட்டும்தான் செல்லும். விமானம் தாமதமானால் பணம் போச்சு. எந்த ரயிலிலும் ஏறலாம் என்கிற முழுக்கட்டண டிக்கெட்தான் முதல் பயணத்துக்கு ஏற்றது. நகரத்துக்குள் டிராமில் ஏறும்போது கண்டக்டர் வருவார் என்று காத்திருக்கக் கூடாது. டிக்கெட் எடுத்து, அதில் முத்திரை குத்த வேண்டியிருந்தால் குத்திவிட்டுத்தான் உட்கார வேண்டும். பரிசோதகர் சாதாரண உடையில் வருவார். டிக்கெட் இல்லாவிட்டால் அபராதம் 60 யூரோ, புதிதாக வந்தவள் என்ற சலுகை கிடையாது.

இனி மூட்டை. நெய் வேண்டாம், பால்கோவா வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள் பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவரத் தடை இருக்கிறது, விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். பச்சைக் கறிவேப்பிலை, மாங்காய், கீரை, பெரும்பாலான பழங்கள் இவையெல்லாம் தாவரச் சுகாதாரச் சான்று இல்லாமல் ஆகாது. தேங்காய்க்கு அந்தச் சான்றிலிருந்து விலக்கு உண்டு, ஆனால் பாரத்துக்குக் கட்டுப்படி ஆகாது. கருவாட்டுக்கு உண்மையில் தடை இல்லை; மீன் வகைக்கு 20 கிலோ வரை அனுமதி. ஆனால் விடுதியில் பொதுச் சமையலறையாக இருந்தால் அடுத்த அறைக்காரர்களோடு முதல் வாரமே முகச்சுளிப்பு வரும். கொஞ்ச நாள் பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அரிசியை இங்கிருந்து சுமக்காதீர்கள். டிரெஸ்டன் அளவுள்ள நகரத்தில் ஆசியக் கடைகள் இருக்கும், அரிசி, பருப்பு, தேங்காய்ப் பால் எல்லாம் கிடைக்கும். துருக்கிக் கடைகளில் வெண்டைக்காயும் கொத்துமல்லியும் கிடைக்கும். வீட்டில் இடித்த சாம்பார்ப் பொடி, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, புளி, நார்த்தங்காய் ஊறுகாய், நேந்திரங்காய் சிப்ஸ், இவைதான் அங்கே அந்த ருசியில் கிடைக்காதவை. முதல் ரெண்டு நாளுக்கு வெந்நீர் ஊற்றிக் கிளறினால் போதும் என்கிற மாதிரி அவல், ரவை கொஞ்சம். குக்கர் 2 லிட்டர் அளவில், அடிப்பாகம் இண்டக்‌ஷனுக்கும் ஏற்ற எவர்சில்வராக இருக்கட்டும். அலுமினியக் குக்கர் சாதா மின்னடுப்பில் வேலை செய்யும், இண்டக்‌ஷனில் செய்யாது, விடுதியில் எது இருக்கும் என்று இப்போது தெரியாதல்லவா. மின்சாரம் 230 வோல்ட்தான், நம் மூன்று முள் பிளக் மட்டும் நுழையாது. அடாப்டர் ரெண்டு போதும்.

தாளிப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அறைகளில் உத்தரத்தில் வட்டமாகப் புகை அலாரம் இருக்கும். எண்ணெய் காய்ந்து, கடுகு வெடித்து, வற்றல் மிளகாயைப் போட்டதும் கிளம்புகிற அந்த நெடிக்கே சில அலாரம் அலறும். அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்பே ஜன்னலைத் திறந்து, அடுப்பின் மேலுள்ள விசிறியைப் போட்டு, அறைக் கதவைச் சாத்திவிட வேண்டும். சில கட்டடங்களில் அலாரம் நேராகத் தீயணைப்புத் துறைக்குப் போகும், வீணாக வரவழைத்தால் அதன் செலவு நம் தலையில் விழலாம். அலாரத்தைத் துணியால் மூடுவது மட்டும் கூடவே கூடாது.

போர்வை, தலையணை உறை, படுக்கை விரிப்பு ஒரு செட் பெட்டியில் இருக்கட்டும். மாணவர் விடுதியில் கட்டிலும் மெத்தையும் இருக்கும், மற்றது பெரும்பாலும் இருக்காது. குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். பாட்டில் வாங்கினால் தூக்கிப் போட வேண்டாம், கடையிலுள்ள இயந்திரத்தில் திருப்பிக் கொடுத்தால் ஒருமுறை மட்டும் பயன்படுத்துகிற பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட் திரும்பும். வானொலி, தொலைக்காட்சிக்கு மாதம் 18.36 யூரோ கட்டச் சொல்லி ஒரு கடிதம் வரும். டிவி இல்லையே என்று கிழித்துப் போட்டுவிடக் கூடாது. அது அசல் கடிதம், வீட்டுக்கு ஒன்று என்ற கணக்கு. விடுதியில் யார் கட்டுகிறார்கள் என்று கேட்டுப் பதில் எழுத வேண்டும்.

தெரிந்தவர் யாரும் இல்லை என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். செங்கோட்டை கேரளப் பக்கத்திலிருந்து பிரிந்து 1956 நவம்பர் 1இல் தமிழ்நாட்டோடு சேர்ந்தது என்றாலும், உங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மலையாளம் நாக்கில் இருக்கிறது. கேரளத்து நர்ஸுகள் 1960களிலிருந்து ஜெர்மனி போகிறார்கள், இப்போதும் நோர்க்கா என்கிற கேரள அரசின் வெளிநாடுவாழ் கேரளத்தவர் அமைப்பு மூலம் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியிலோ டிராமிலோ மலையாளம் காதில் விழுந்தால் கூச்சப்படாமல் பேச்சுக் கொடுக்கச் சொல்லுங்கள். பல்கலைக்கழகத்தில் தமிழ் மாணவர் வாட்ஸ்ஆப் குழு இருந்தால் இப்போதே சேர்ந்துவிடலாம். ஆனால் குழுவில் யாராவது அறை தருகிறேன், அட்வான்ஸை முன்னால் அனுப்பு என்றால் ஒரு பைசா அனுப்பக் கூடாது. அவளுக்கு விடுதி உறுதியாகிவிட்டது, அந்த வலையில் விழ வேண்டிய அவசியமே இல்லை.

போன் பேசும் நேரம்: அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி வித்தியாசம், அதன் பிறகு நாலரை. நீங்கள் ராத்திரி 9 மணிக்குக் கூப்பிட்டால் அங்கே சாயங்காலம் 5.30, நவம்பரில் 4.30. காலை காப்பி குடிக்கும்போது கூப்பிடாதீர்கள், பிள்ளை நடுநிசித் தூக்கத்தில் பதறி எழுந்துகொள்ளும். அவளுடைய இந்திய சிம்மை ரோமிங் போட்டுக் கையோடு அனுப்புங்கள், இங்குள்ள வங்கியின் ஓடிபி அதில்தான் வரும். ஜெர்மன் சிம்முக்குப் பாஸ்போர்ட் சரிபார்ப்பு முடிய ஒன்றிரண்டு நாள் ஆகலாம். அதுவரைக்கும், அதற்குப் பிறகும், இந்திய எண்ணின் ரீசார்ஜ் தீராமல் பார்த்துக்கொள்கிற வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.